எந்த வருடத்துக்குத் திரும்பப் போகிறீர்கள்?

கேள்வி: நாங்கள் ரவாங்கில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். இப்போது எல்லாருக்கும் 33, 34 வயது. 2003, 2004 வாக்கில் எங்களுக்கு யூ-கி-ஓ கார்டு என்றால் உயிர். இடைவேளை மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவோம். ஆசிரியர் பறித்துக்கொண்டால் அந்த வாரமே பசார் மாலாமில் வேறு பொட்டலம் வாங்கிவிடுவோம். இன்று இருவர் சிங்கப்பூரில், ஒருவர் பெர்த்தில், மற்றவர்கள் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் என்று சிதறிவிட்டோம். புலனக் குழுவில் என்னையும் சேர்த்து 11 பேர். பழைய கார்டுகளை வைத்து இணையத்தில் ஒரு போட்டி நடத்தலாமா என்று சும்மா கேட்டேன், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவன் ‘கோட் ஃபார்மட்’தான் சரி என்கிறான். இன்னொருவன் புதுக் கார்டு இல்லாமல் என்ன ஆட்டம் என்கிறான். இரண்டு பேருக்கு விதியே மறந்துவிட்டது. சண்டை இல்லாமல் நடத்த வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ரவாங்

பதில்: தம்பி, எந்த மென்பொருள், எத்தனை சுற்று, என்ன பரிசு என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். நீங்கள் எந்த வருடத்துக்குத் திரும்பப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் குழுவில் நடப்பது அந்தச் சண்டைதான். “பழைய யூ-கி-ஓ” என்று 11 பேரும் சொல்கிறீர்கள், ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு வருடம் இருக்கிறது.

கசுகி தகாஹாஷி யூ-கி-ஓ படக்கதையை ஜப்பானிய வார இதழில் 1996-ல் வரையத் தொடங்கினார். கொனாமி நிறுவனம் 1999-ல் அங்கே கார்டுகளை வெளியிட்டது. அமெரிக்காவுக்கு ஆங்கிலக் கார்டுகள் போய்ச் சேர்ந்தது 2002 மார்ச்சில். அன்றிலிருந்து இந்த ஆட்டம் இரண்டு பாதையில் ஓடுகிறது. ஜப்பானும் நம்மைப் போன்ற ஆசிய நாடுகளும் ஓசிஜி என்ற பாதை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் டிசிஜி என்ற பாதை. எந்தக் கார்டு எப்போது வந்தது, எதற்குத் தடை என்பதெல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

உங்கள் நண்பர் சொல்லும் கோட் ஃபார்மட் டிசிஜி பாதையைச் சேர்ந்தது. 2005 ஏப்ரலில் அங்கே வந்த தடைப்பட்டியலையும் அதையொட்டிய சில மாதங்களில் இருந்த கார்டுகளையும் அப்படியே உறைய வைத்து ஆடுவது. ஸ்கேப்கோட் கார்டைப் போட்டால் களத்தில் நான்கு ஆட்டுக்குட்டிகள் வந்து நிற்குமே, நினைவிருக்கிறதா? தாக்குபலமும் பூஜ்யம், தற்காப்பும் பூஜ்யம். அந்தக் குட்டிகளில் ஒன்றை மெட்டமார்ஃபசிஸ் கார்டுக்குப் பலி கொடுத்தால் அதே நிலையில் உள்ள தௌசண்ட்-ஐஸ் ரெஸ்ட்ரிக்ட் வெளியே வரும். அது எதிராளியின் மிருகம் ஒன்றை விழுங்கி வைத்துக்கொள்ளும். அது நிற்கும் வரை மற்ற மிருகங்கள் தாக்கவும் முடியாது. ஒன்றுக்கும் உதவாத ஆட்டுக்குட்டியிலிருந்து இப்படி ஒரு பிடி கிளம்புவது அழகான ஆட்டம், அதில் எனக்கு ஐயமே இல்லை. உலகம் முழுக்க இதை விரும்பி ஆடுகிறார்கள். மேலை நாடுகளில் கொனாமியே ‘டைம் விசார்ட்’ என்ற பெயரில் பழைய காலத்து விதிகளில் போட்டி வைக்கிறது.

ஆனாலும் உங்கள் முதல் போட்டிக்குக் கோட் வேண்டாம். 2005 வரை நீங்கள் யாராவது அந்தக் கார்டுகளை வைத்து ஆடியிருக்கிறீர்களா? கோட் ஃபார்மட் அமெரிக்கப் போட்டி அரங்குகளில் உருவான நினைவு. அதில் எந்த டெக் (ஆட அடுக்கிய கார்டுக் கட்டு) வெல்லும், எந்தக் கார்டு எத்தனை வேண்டும் என்று இருபது வருடமாக ஆராய்ந்து தீர்த்துவிட்டார்கள். உங்கள் நண்பர் இணையத்தில் ஒரு டெக் பட்டியலைப் பார்த்து அப்படியே அடுக்கிக்கொண்டு வருவார். ஜொகூரில் இருப்பவர் ஆசையாக டார்க் மெஜிஷியனை வைத்துக்கொண்டு வருவார். மூன்று சுற்றிலும் அடி வாங்கிவிட்டு, அடுத்த மாதம் “வேலை இருக்கிறது” என்று செய்தி போடுவார். உங்கள் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

ரவாங்கில் உங்கள் கையில் இருந்தவை எவை? பெரும்பாலும் போலிக் கார்டுகள். மெல்லிய அட்டை, எழுத்துப் பிழை, ஒரே பொட்டலத்தில் இரண்டு ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன். விதியை யாரும் படித்ததில்லை, தொலைக்காட்சியில் பார்த்ததுதான் விதி. கதையின் தொடக்கத்தில், தீவில் நடக்கும் போட்டியில், பெரிய மிருகத்தை இறக்கப் பலி தேவையில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பையன்கள் 3000 தாக்குபலம் உள்ள ப்ளூ-ஐஸை முதல் கையிலேயே தூக்கிப் போட்டார்கள். முறையான விதிப்படி ஏழாம் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள மிருகத்துக்கு இரண்டு பலி வேண்டும். உயிர்ப்புள்ளியும் அப்படித்தான். விதிப்புத்தகம் 8000 என்றது, கதையில் முதலில் 2000, பிறகு 4000. உங்கள் சிற்றுண்டிச்சாலையில் எத்தனை என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே இரவு முழுக்கப் பதில் வரும்.

அதனால் முதல் போட்டிக்கு என் யோசனை இது. 2002-ல் டிசிஜியில் வந்த இரண்டு தொடக்க டெக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கதையின் நாயகன் யூகியின் டெக், அவன் எதிராளி கைபாவின் டெக். ஒவ்வொன்றிலும் 50 கார்டு. ஒன்றில் டார்க் மெஜிஷியன், மற்றதில் ப்ளூ-ஐஸ். இதுவும் அந்தப் பக்கத்துப் பெட்டிதான், ஆனால் உள்ளே இருக்கும் கார்டுகள் உங்கள் 11 பேருக்கும் தெரிந்தவை. கார்டுப் பட்டியல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். நீங்களே இரண்டையும் கோப்பாக அடித்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். வேறு எந்த டெக்கும் அன்று கிடையாது. முதல் ஆட்டத்தில் ஒருவர் யூகி, ஒருவர் கைபா. இரண்டாவது ஆட்டத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வந்தால் நாணயம் சுண்டலாம். டெக் கட்ட நேரமில்லாதவர், விதி மறந்தவர், தினமும் ஆடுகிறவர் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். தோற்றவர் டெக்கைக் குறை சொல்லவும் வழியில்லை.

எதில் ஆடுவது என்றால், இரண்டு வழி இருக்கிறது. ஈடிஓப்ரோ என்ற இலவச மென்பொருளில் விதி முழுவதையும் கணினியே பார்த்துக்கொள்ளும். எப்போது எந்தக் கார்டைப் போட முடியும் என்று அதுவே காட்டும். மறந்துபோன உங்கள் இரண்டு நண்பர்களுக்கு அதுதான் நல்லது. அறை திறக்கும்போது பழைய விதியைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். 2014-க்கு முன்னால் முதலில் ஆடுபவரும் தன் முதல் முறையில் கார்டு எடுப்பார், இப்போது அது கிடையாது. இதைச் சரிபார்க்காமல் தொடங்கினால் நடு ஆட்டத்தில் வாக்குவாதம் வரும்.

இன்னொன்று டூவலிங்புக். உலாவியிலேயே திறக்கும். அதில் கணினி விதி பார்க்காது; கார்டை நீங்களே நகர்த்த வேண்டும், புள்ளியை நீங்களே கழிக்க வேண்டும். பலருக்கு அது சிரமமாகத் தெரியும். உங்களுக்கு அதுவே வரம். கணினி தடுக்காததால் உங்கள் பள்ளிக்கூட விதியில் ஆடலாம்! பலி இல்லாமல் ப்ளூ-ஐஸ் போடலாம். இரண்டாவது மாதம் ஓர் இரவை இதற்கென்றே வையுங்கள். அன்றைய விதிகளை 11 பேரும் சேர்ந்து குழுவில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குமேல் போக வேண்டாம். கோட் பிரியருக்கு மூன்றாவது மாதத்தைக் கொடுங்கள். புதுக் கார்டு கேட்பவருக்கு நான்காவது மாதம்.

ஈடிஓப்ரோ, டூவலிங்புக் இரண்டும் ரசிகர்கள் உருவாக்கியவை என்பதை மறக்க வேண்டாம். இதேபோல் டூவலிங் நெட்வொர்க் என்று ஒன்று பல வருடம் கொடிகட்டிப் பறந்தது, 2016-ல் மூடப்பட்டது. இவற்றுக்கும் அந்த நிலை வரலாம். உங்கள் பட்டியல்களையும் முடிவுகளையும் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிஜக் கார்டு வைத்திருப்பவர்கள் கைப்பேசிக் கேமராவை மேசை பார்த்துத் தொங்கவிட்டு ஆடலாம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், 2020-ல், கொனாமியே அந்த முறையை ஊக்குவித்தது.

போட்டி அமைப்பில் ஒன்றே ஒன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன். தோற்றவர் வெளியேறும் முறை வேண்டவே வேண்டாம். பத்து வருடம் பேசாத நண்பன் இரவு 9.30-க்கு வந்து 10 மணிக்குத் தோற்று, மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதா? சுவிஸ் முறையில் நடத்துங்கள். சதுரங்கத்துக்காக 1895-ல் சூரிக் நகரில் முதலில் கையாண்டது. யாரும் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் மோதுவார்கள். இரண்டாவது சுற்றிலிருந்தே தன் தரத்துக்குச் சமமான ஆள் கிடைத்துவிடுவார். ஜோடி போட இலவச இணையக் கருவிகள் உண்டு, பத்துப் பேருக்கு ஒரு தாளும் பேனாவும்கூடப் போதும்.

நீங்கள் ஆட வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். 11 ஒற்றைப்படை. நீங்கள் விலகினால் ஐந்து மேசை சரியாக அமையும். யாராவது கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். மற்ற நேரத்தில் இணைப்பு அறுந்தவருக்கு வழி சொல்வது, விதிச் சந்தேகம் தீர்ப்பது, பெர்த்காரர் குழந்தை அழுகிறது என்று எழுந்துபோனால் எதிரே இருப்பவரோடு பேச்சுக் கொடுப்பது எல்லாம் உங்கள் வேலை. நல்ல வேளையாக மலேசியா, சிங்கப்பூர், பெர்த் மூன்றுக்கும் ஒரே நேரம். கடிகாரக் கணக்கு இல்லை.

சனிக்கிழமை இரவு 9.30-க்குத் தொடங்கி, சுற்றுக்கு 45 நிமிடம் என்று மூன்று சுற்று. 12 மணிக்குள் முடிந்துவிடும். மூன்று சுற்றில் இரண்டு பேர் தோல்வியே இல்லாமல் நிற்கக்கூடும். நிற்கட்டும், இருவருமே வென்றவர்கள். நான்காவது சுற்று வைத்து மனைவிமாரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை. வாரா வாரம் என்று தொடங்கிய எந்தக் குழுவும் நீடித்து நான் பார்த்ததில்லை.

மேஜிக் என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தை ஆடுபவர்களிடமும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சுவீடனில் மார்ட்டின் பெர்லின் என்பவர் 2012-ல் ‘பிரிமாடர்ன்’ என்ற முறையை வகுத்தார். 1995 முதல் 2003 வரை வந்த கார்டுகள் மட்டுமே. அந்த 2003-லேயே மேஜிக் கார்டுகளின் பழைய சட்டகம் மாறியது, அதனால் கார்டின் தோற்றமே எல்லைக்கோடாகிவிட்டது. நிறுவனம் சொல்லி வந்ததில்லை; ஆடியவர்கள் ஒரு காலத்தைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். இன்று பல நாடுகளில் ஆடுகிறார்கள். ரவாங் பையன்களுக்கும் அந்த உரிமை உண்டு.

வருடத்துக்கு ஒரு பெரிய போட்டி வேண்டுமென்றால் ஜூலையில் வையுங்கள். தகாஹாஷி 2022 ஜூலையில் ஒகினாவா கடலில் இறந்தார். நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கியவர் அவர். அன்று போட்டிக்கு முன் அவர் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். அன்று ஒரு நாளாவது நேரில் கூடப் பாருங்கள். ரவாங்கிலிருந்து கிள்ளான் வரை ஒரே கொமுட்டர் தடம்தான், நடுவில் கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். சிங்கப்பூர்க்காரர்கள் வரக்கூடியபடி தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவரும் நண்பர்களும் இணையத்தில் இப்படிக் கார்டுப் போட்டி நடத்துகிறார்கள். இதுவரை சும்மாதான் ஆடினார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கு 20 வெள்ளி போட்டு, வென்றவருக்கு மொத்தமும் என்று பேசுகிறார்கள். என் மாமனாரோ இது சூதாட்டம், வீட்டில் நடக்கக்கூடாது என்று சத்தம் போடுகிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, கிள்ளான்

பதில்: இதுவரை நடந்ததைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சரி. அடுத்த மாதத்தைப் பொறுத்தவரை உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. நம் நாட்டின் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் வெறும் அதிர்ஷ்ட ஆட்டத்தை மட்டும் சொல்லவில்லை. அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்துக்காக ஆடினாலும் சூதாட்டம் என்றே வரையறுக்கிறது. கார்டைக் கலைத்து எடுப்பதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆடுவதில் திறமை இருக்கிறது. 20 வெள்ளி சிறு தொகைதான், ஆனால் அதற்காக வழக்கறிஞரைத் தேடும் நிலை யாருக்கும் வர வேண்டாம். சட்டத்தை விடுங்கள், பணம் வந்த அன்றே பழைய நண்பர்களுக்குள் கணக்குப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடும்.

பரிசு இல்லாமல் சுவை இல்லை என்றால், மேலே ரவாங் தம்பிக்குச் சொன்னபடி மாதத்துக்கு ஒரு விதமாக ஆடும் வழியைக் காட்டுங்கள். வென்றவர் அடுத்த மாதம் எந்த வருடத்துக் கார்டில் ஆடுவது என்று முடிவு செய்யட்டும். ஆடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது. மாமனாரை ஓர் இரவு பக்கத்தில் உட்கார வைத்து ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், பேரப்பிள்ளை விளக்கினால் இன்னும் நல்லது. 20 வெள்ளிப் பேச்சை இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.