போனில் பாடம் பார்க்கலாமா?

கேள்வி: ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பால் படிப்பே போச்சு என்று புலம்பினோம். இப்போது பள்ளியிலேயே வீடியோ பாடம் பார்க்கச் சொல்கிறார்கள். எட்டாவது படிக்கும் மகனுக்குப் போன் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கொடுங்கள், சகோதரி. 2020-இல் திரையே வகுப்பறையாக இருந்தது. விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க, 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்கள் தெருவுக்கே வரவேண்டியிருந்தது. இன்று ஆசிரியர் நேரில் நடத்துகிறார். வீடியோ அவருக்குத் துணை. அதனால்தான் பள்ளிகளே இப்போது அதைப் பரிந்துரைக்கின்றன. பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கணக்கில் புரியாத இடத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். கூடத்தில் உட்காரட்டும், நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். முடிந்ததும் ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்கிவிட்டால் பாடம் ஏறிவிட்டது. போனை வாங்கி வைத்துவிடுங்கள்.