ஊர் ஊராய்ப் போகும் கன்சல்டன்ட்: கம்பெனியிலா, தனியாகவா?

எஸ்ஏபி போன்ற மென்பொருளைத் தொழிற்சாலைகளில் நிறுவித் தரும் கன்சல்டன்ட்டுக்கு ஐந்தாறு வருடத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். கம்பெனிச் சம்பளத்தில் பெட்டியோடு அலைவதா, பிரிந்துபோய் நாள் கணக்கில் கட்டணம் வாங்குவதா, ஏதாவதொரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில் உட்கார்ந்துவிடுவதா? பலர் நாள் கட்டணத்தை 260-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு ராஜினாமா எழுதுகிறார்கள். நாளுக்கு 12,000 ரூபாய் என்று வைத்தால் 31 லட்சம் வரும். பண்டிகை, காய்ச்சல், அடுத்த ப்ராஜெக்ட் கையெழுத்தாகும் வரையிலான காத்திருப்பு எல்லாம் போக 160 நாள் தேறினால் 19 லட்சம்தான். அந்தக் காத்திருப்புக்குக் கம்பெனியில் பெஞ்ச் என்று பெயர். அங்கே சம்பளம் நிற்காது. (ரொம்ப நீண்டால் வேலையே நிற்கலாம்.)

வரியில் மிச்சமாகுமே என்பார்கள். ஆகும்தான்; தொழில்நுட்ப ஆலோசனை வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்ட வழி இருக்கிறது. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். இன்வாய்ஸ் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் அந்த 18 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் 45 நாளுக்குள் பணம் கேட்கச் சட்டம் துணை நிற்கும். அடுத்த வேலையும் அதே ஆளிடமிருந்து வர வேண்டும் என்னும்போது எத்தனை பேர் சட்டம் பேசுவார்கள்?

தனியாகப் போனால் பயணத்தையாவது நாமே தீர்மானிக்கலாம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 2020-க்குப் பிறகு கான்ஃபிகரேஷனும் டெஸ்டிங்கும் வீட்டிலிருந்தே நடப்பதால் பயணம் குறைந்தது உண்மை. குறையாதது கட்ஓவர். பழைய சிஸ்டத்தை நிறுத்தி, குடோனில் அடுக்கடுக்காய் இருக்கும் சரக்கை எண்ணி, இருப்பைப் புதியதில் ஏற்ற வேண்டுமென்றால் உற்பத்தி ஓயும் நாள் வேண்டும். அது தீபாவளி விடுமுறையாக இருக்கும், இல்லையென்றால் மார்ச் 31 இரவு. ஸ்ரீபெரும்புதூர் ஆனாலும் புனே பக்கம் சாக்கன் ஆனாலும் இதுதான் நிலை. வீட்டை விட்டு எத்தனை இரவு என்பதைவிட எந்த இரவு என்பதே இந்த வேலையின் உண்மையான விலை. தொழிற்சாலையின் சொந்த ஆளும் அன்று விழித்திருப்பார்தான். ஆனால் அவருக்கு அது பல வருடத்துக்கு ஒருமுறை, விடிந்ததும் வீடு பக்கத்தில். பதிலுக்கு, ஒரே சிஸ்டத்தைப் பார்த்துப் பார்த்து அவருடைய கைத்திறன் குறுகும்.

ஆகவே முதல் சில வருடம் கம்பெனியே சரி. திரும்பத் திரும்பக் கூப்பிடும் இரண்டு வாடிக்கையாளரும் ஆறு மாதச் செலவுக்குக் கைக்காசும் சேர்ந்தபின் பிரியலாம். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் மூன்றாவது வழி, தொழிற்சாலையின் ஐடி பிரிவு. எந்த நேர்காணலிலும் சம்பளத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கடைசி மூன்று கட்ஓவர் எந்தெந்தத் தேதியில் நடந்தது?