பயணத்தில் நாய்: முஸாஃபிர்கள் பேண வேண்டிய சட்டங்கள்



இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையை அறியாதவர் வடசென்னையில் இருக்க முடியாது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைவதற்காகக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சில நாட்களில் மணிக்கணக்கில் நிற்கும். நெரிசல் மிகுந்த காலங்களில் இரவும் பகலும் நிற்கும். அந்த ஓட்டுநர்களுக்கு லாரிதான் வீடு. சமையல், உறக்கம், தொழுகை எல்லாம் அங்கேதான்.

அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவர் திருவொற்றியூரில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். "ஹஸ்ரத், என் லாரியில ஒரு நாய் வளருது. ராத்திரியில டீசலும் பேட்டரியும் திருட வர்றவங்களை அதுதான் விரட்டுது. இப்போ லீவுல பிள்ளைகளையும் வீட்டுக்காரியையும் லாரியிலேயே நாகூர் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். நாய் படுத்த இடத்துல நான் எப்படித் தொழுவேன், பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவேன்னு அவ கேக்குறா. மீஞ்சூர்ப் பக்கம் எங்கேயாவது இறக்கி விட்டுடலாமா?" என்று கேட்டார்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் நான்கு கேள்விகள் இருந்தன. நாயை வளர்ப்பது ஆகுமா? பயணத்தில் உடன் கொண்டு செல்வது ஆகுமா? அதனால் ஏற்படும் அசுத்தத்துக்கு என்ன சட்டம்? வேண்டாம் என்றால் வழியில் விட்டுவிடலாமா?

நம் வீடுகளில் இது குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. நாய் நஜீஸ்தானே, அதைக் கல்லால் அடித்தால் என்ன என்பார் சிலர். காலம் மாறிவிட்டது, அந்தச் சட்டமெல்லாம் இப்போது எதற்கு என்பார் வேறு சிலர். இருவருமே மார்க்கத்தில் பாதியைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

குகைத் தோழர்களின் நாய்

திருக்குர்ஆனின் 18-ஆம் அத்தியாயமாகிய 'அல்-கஹ்ஃப்' ஸூராவை வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். ஈமானைக் காப்பாற்றிக்கொள்ள ஊரைவிட்டு வெளியேறிய இளைஞர்களின் வரலாறு அதில் வருகிறது. அவர்களுடன் ஒரு நாயும் சென்றது. அவர்கள் குகைக்குள் உறங்கினார்கள். நாயோ தன் முன்னங்கால்களை நீட்டியபடி வாசலில் கிடந்தது என்று 18-ஆம் வசனம் கூறுகிறது. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கிப்பதைக் கூறும் 22-ஆம் வசனத்தில், ஒவ்வொரு எண்ணிக்கையுடனும் அந்த நாயும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

அந்த நாய் இருந்த இடத்தைக் கவனியுங்கள். அதை அவர்கள் விரட்டவில்லை. தங்கள் நடுவே படுக்க வைத்ததாகவும் வசனத்தில் இல்லை. அது வாசலில் இருந்தது. இனி நாம் காணப்போகும் சட்டங்களை நினைவில் வைத்துக்கொள்ள இந்தக் காட்சி பெரிதும் உதவும்.

எந்த நாயை வளர்க்கலாம்?

வேட்டைக்காகவோ, கால்நடைகளைக் காக்கவோ, பயிரைக் காக்கவோ அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு பகுதி குறைந்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இந்த நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆகவே அழகுக்கும் பெருமைக்கும் நாய் வளர்ப்பது நமக்கு உகந்ததன்று.

வீட்டைக் காக்கும் நாய் எப்படி? ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், வீடுகளையும் தெருக்களையும் காவல் காக்க நாய் வளர்ப்பது ஆகும் என்பதே சரியான கருத்து என விளக்கியுள்ளார்கள். நபிமொழியில் சொல்லப்பட்ட மூன்றுக்கும் காரணம் தேவை. அந்தத் தேவை இங்கும் இருக்கிறது என்பதே அவர்களின் ஆதாரம். பிறருடைய சரக்கை அமானிதமாக ஏற்றிக்கொண்டு நடுச்சாலையில் இரவைக் கழிப்பவரின் தேவையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் தேவை என்பது உண்மையான தேவையாக இருக்க வேண்டும்.

பயணக் கூட்டத்தில் நாய்

நாயும் மணியும் உள்ள பயணக் கூட்டத்துடன் மலக்குகள் துணை செல்வதில்லை என்ற நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம் செயல்களை எழுதும் மலக்குகள் எப்போதும் நம்முடன் இருப்பவர்கள். இங்கே சொல்லப்படுவது ரஹ்மத்துடைய மலக்குகளைப் பற்றி. பயணத்தில் நாயை உடன் கொண்டு செல்வது மக்ரூஹ் என்று இந்த நபிமொழியிலிருந்து இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள்.

இன்று மேல்நாடுகளில் வீட்டையே வண்டியாக்கி நாயுடன் ஊர் சுற்றுவது பெரும் வழக்கமாகிவிட்டது. நம் பக்கத்திலும் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைக் கொண்டு வந்தது. வசதியுள்ளவர் அவ்வாறு பயணம் செய்வதில் குற்றமில்லை. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. ஆனால் உல்லாசப் பயணத்துக்கு நாய் எதற்கு? ரஹ்மத்துடைய மலக்குகளின் துணையை இழந்து பெறும் உல்லாசம் என்ன உல்லாசம்? காவல் தேவைக்காகக் கொண்டு செல்பவர் மட்டும் கீழ்க்காணும் எல்லைகளைப் பேணிக்கொள்ள வேண்டும்.

நஜீஸும் தூய்மையும்

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது நபிமொழி. இதையொட்டிய மஸ்அலாக்களை வரிசையாகக் காண்போம்.

1. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உமிழ்நீர், வியர்வை, உடல் அனைத்துமே நஜீஸ். ஈரத்துடன் பட்டால் ஆடையோ கையோ பாத்திரமோ எதுவாயினும் ஏழு தடவை கழுவ வேண்டும்.

2. ஹனஃபீ மத்ஹபில் நாயின் உமிழ்நீர் நஜீஸ். உலர்ந்த உடல் பட்டதனால் மட்டும் ஆடை அசுத்தமாகாது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை மூன்று தடவை கழுவுவது அவசியம். ஏழு தடவை கழுவுவது சிறப்பு. இராயபுரம் பகுதியில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் பழிக்க வேண்டாம். அவரவர் தம் மத்ஹபைப் பேணினால் போதும்.

3. நாயும் உலர்ந்திருந்து, பட்ட இடமும் உலர்ந்திருந்தால் ஷாஃபிஈ மத்ஹபிலும் கழுவ வேண்டியதில்லை. ஈரம் இருந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால், சுத்தம் என்றே கொள்ள வேண்டும். சந்தேகத்தினால் உறுதி நீங்காது. வஸ்வாஸுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

4. ஏழு என்பதை எண்ணும் முறை: நஜீஸின் பொருள் நீங்கும் வரை கழுவியதெல்லாம் ஒரே தடவையாகத்தான் கணக்கு. அதன் பின் ஆறு தடவை கழுவ வேண்டும். அந்த ஏழில் ஒன்றில் தண்ணீர் கலங்கும் அளவுக்குச் சுத்தமான மண்ணைக் கலக்க வேண்டும்.

5. எண்ணூர், மணலி சாலையோரத்தில் கிடப்பதெல்லாம் மண்ணாகிவிடாது. நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணல்ல. கழிவு கலந்த மண்ணும் உதவாது. ஆகவே லாரியில் ஒரு டப்பாவில் நல்ல தோட்டத்து மண்ணைச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத ஏற்பாடு இது; பயணத்தில் பெரிதும் கைகொடுக்கும்.

6. நாய் படுத்த இடம் காய்ந்திருந்தாலும், அதன்மீது சுத்தமான விரிப்பை விரித்துத் தொழுதால் தொழுகை கூடும். எனினும் வேறிடம் இருக்கும்போது அங்கே தொழுவது நல்லதல்ல. நாயைக் கட்டிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தொழுவது கூடாது. கயிற்றை வண்டியிலோ மரத்திலோ கட்டிவிட்டுத் தக்பீர் கட்டுங்கள்.

இடம் தருபவரின் நிபந்தனை

பயணம் செய்பவர் பிறர் இடத்தில்தான் தங்குகிறார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயைக் கட்டிய கயிறு ஆறு அடிக்கு மேல் நீளக் கூடாது. கழிவை உரியவரே அகற்ற வேண்டும். நம் ரயில்வேயிலும் தெளிவான சட்டம் உண்டு. ஏ.சி. முதல் வகுப்பில் முழு அறையையும் பதிவு செய்தவர் நாயை உடன் கொண்டு செல்லலாம். மற்றவர் கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். ஸ்லீப்பர் வகுப்பிலும் ஏ.சி. இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு வகுப்புகளிலும் அனுமதி இல்லை.

இவற்றையெல்லாம் யாரோ போட்ட சட்டம் என்று ஒரு முஸ்லிம் அலட்சியம் செய்யக் கூடாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி 5-ஆம் அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது என்று 24-ஆம் அத்தியாயம் கூறுகிறது. லாட்ஜுக்காரருக்குத் தெரியாமல் நாயை அறைக்குள் கொண்டு போவது அவரையும் அடுத்து அந்த அறைக்கு வருபவரையும் ஏமாற்றுவதாகும். அடுத்து வருபவர் அந்தத் தரையில் தொழுபவராகவும் இருக்கலாமல்லவா? முஸாஃபிர்கானாவிலும் தர்கா வளாகத்திலும் இதைவிடப் பேணுதல் தேவை. நிர்வாகியிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் மறுத்தால் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாயால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் நம் கடமை. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் பகுதிகள் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்தாதீர்கள்.

வழியில் விட்டுவிடலாமா?

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்ட ஒரு மனிதர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் எடுத்து அதற்குப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். அவரும் அப்போது ஒரு வழிப்போக்கர்தான் என்பதை மறவாதீர்கள். பூனையைக் கட்டிப்போட்டு உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகடித்த பெண்ணோ நரகத்துக்கு உரியவளானாள். இவ்விரு செய்திகளும் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளன.

ஹிஜ்ரி 8-இல் அண்ணலார் (ஸல்) அவர்கள் மக்காவை நோக்கிப் படையுடன் சென்றபோது, வழியில் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு நாயைக் கண்டார்கள். படையினர் அதைக் கலைத்துவிடாதபடி ஜுஐல் (ரலி) அவர்களைக் காவல் நிற்கச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதியுள்ளார். ஒரு படையே ஒரு நாய்க்காக விலகி நடந்திருக்கிறது!

லாரி வாழ்க்கைக்குப் பழகிய நாயை அறியாத சாலையில் இறக்கிவிட்டால், அது வண்டிகளுக்கிடையே உரியவரைத் தேடி ஓடும். அடிபட்டுச் சாகும், அல்லது பசியில் வாடும். வளர்த்தவர் மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெயில் நேரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் நாயைப் பூட்டிவிட்டுப் போவதும் அந்தப் பூனையைக் கட்டியவளின் செயலுக்கு ஒப்பானதே.

அந்த ஓட்டுநர் செய்தது

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, உங்க வீட்டம்மா கேட்டது நியாயம். நாயும் நியாயம் தவறலை, அது தன் வேலையைச் செஞ்சது. குடும்பத்தோட போகும்போது நாயைக் கொண்டு போகாதீங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போங்க. சரக்கு ஏத்திப் போகும்போது மட்டும் அதுக்கு ஒரு எல்லை வைங்க."

அவர் அப்படியே செய்தார். கேபினில் பின்பக்கப் படுக்கையைச் சோற்றுக்கும் தொழுகைக்கும் ஒதுக்கினார். கிளீனர் பக்கக் கதவருகே, காலடியில், கழுவக்கூடிய ரப்பர் விரிப்பைப் போட்டு ஒரு பலகையைத் தடுப்பாக வைத்தார். நாய்க்கென்று ஒரு தட்டையும் தனியாக வாங்கினார். நாகூர் போன நாட்களில் லாரி ஷெட்டின் காவலரிடம் அதை விட்டு, தீனிக்கும் பணம் கொடுத்துவிட்டுச் சென்றார். திரும்பி வந்தபின் அவருடைய மனைவி, "வாசல்ல இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்னாராம்.

வாசல்தான் அதன் இடம். அதற்கு மேலே ஏற்றி வைப்பதும் பிழை. அங்கிருந்து அடித்துத் துரத்துவதும் பிழை. தூய்மையையும் இரக்கத்தையும் ஒருசேரப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் முஸாஃபிர்கள் அனைவரையும் ஸலாமத்தாக வீடு கொண்டு சேர்ப்பானாக! ஆமீன்.