இயங்குவதாலேயே ஏற்றதாகிவிடுமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறைவுற்றது. பழைய கணினியிலும் விண்டோஸ் 11ஐ நிறுவித் தருவதாகச் சொல்வோர் உள்ளனர். அது முடியக்கூடியதே. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு உள்ளதா, செயலி புதியதா என்று பார்க்கும் சோதனையைச் சில மாற்றங்களால் தாண்டிவிடலாம். அதற்குப் பின் நேர்வதையே நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

கோர் 2 டுவோ செயலி கொண்ட கணினியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11இன் 23எச்2 பதிப்பு இவ்வழியில் அதில் இயங்கியது. 2024இல் வெளிவந்த 24எச்2 பதிப்போ, பாப்கவுன்ட் என்னும் கட்டளையைச் செயலியிடம் எதிர்பார்க்கிறது. ஓர் எண்ணின் இரும வடிவில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என்று எண்ணுவது மட்டுமே அதன் பணி. 2008இல் வந்த நெஹாலம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளில் அக்கட்டளை இல்லை. இத்துணைச் சிறிய பணிக்காகக் கணினி முடங்குவது நமக்கும் வியப்பே. முந்தைய சோதனை ஒரு விதி. அதைத் தளர்த்த முடிந்தது. இதுவோ செயலியின் அமைப்பிலேயே உள்ள குறை. புதிய பதிப்பில் அக்கணினி தொடங்கவே தொடங்காது.

சற்றே புதிய செயலிகளுக்கு இத்தடை இல்லை. ஆயினும், தகுதி பெறாத கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளிப்பதில்லை. இணையவழி வங்கிச் சேவைக்குப் பயன்படும் கணினியில் இதையே பெருங்குறையாகக் கருதுகிறோம். அப்பணிக்கு வேறு கருவியைப் பயன்படுத்துவதே நன்று. பழைய கணினி வாங்குமுன் செயலியின் பெயரைக் கேட்டறியுங்கள். ஏற்கெனவே நிறுவியிருப்பின், வரி ஆவணங்களையும் கணக்கு விவரங்களையும் வெளி வட்டில் நகலெடுத்த பின்னரே அடுத்த பதிப்புக்கு இசைவு தாருங்கள்.