கேட் பாஸ் பயமும் சங்கச் சந்தாவும்

கேள்வி: மின் நிலையப் பராமரிப்பு வேலைக்கு ஒப்பந்தத்தில் போகிறேன். டெண்டர் மாறினால் கான்ட்ராக்டர் மாறுகிறார், ஆட்கள் நாங்களேதான். சங்கம் என்றாலே ‘கேட் பாஸ் போய்விடும்’ என்று ஒதுங்குகிறார்கள். ஆள் சேர்ப்பது எப்படி ஐயா?
– வாசகர், புதுப்பட்டினம்

பதில்: எந்த நிலையம் என்று நீங்கள் எழுதவில்லை. நல்லதுதான். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று மட்டும் பேசிவிடாதீர்கள். பாஸ் நின்றால் அன்றைக்கே கூலி நின்றது. ஆகவே முன்னால் நிற்பவர் பாஸ் தேவைப்படாதவராக இருக்கட்டும். சங்க நிர்வாகிகளில் வெளியாட்களுக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் ஓய்வுபெற்றவரையும் ஆட்குறைப்பில் போனவரையும் வெளியாளாகக் கருதுவதில்லை. 2001 திருத்தத்தில் வந்த சலுகை இது. பணி ஓய்வுக்குப் பிறகு உங்கள் பக்கமே வீடு கட்டிக் குடியிருக்கும் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எதைச் சொல்லிக் கூப்பிடுவது? கூலி உயர்வு என்றால் ஃபிட்டருக்கு ஒரு கணக்கு, ஹெல்ப்பருக்கு வேறு கணக்கு. பாதுகாப்பு எல்லோருக்கும் ஒன்று. பாபா அணு ஆராய்ச்சி மையம் கல்பாக்கத்தில் நடத்தும் எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில், 2003 ஜனவரி 21 அன்று, வால்வு பழுதால் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் கண்காணிப்புக் கருவியே இல்லை. அங்கிருந்த ஊழியர் சங்கம் முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது உட்படப் பத்துக் கோரிக்கை வைத்தது. பதில் வராமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முக்கியமானவர்கள் சிலருக்கு இடமாற்றம் கிடைத்தது. விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் நிர்வாகம் வாயைத் திறந்தது. அவர்கள் பர்மனன்ட் ஆட்கள் என்பதால் இடமாற்றத்தோடு போயிற்று. உங்களுக்கு அதுகூட இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அணு நிலையமானால், உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குத் தங்கள் டோஸ் அளவு தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கம்பம் ஏறுகிறவர்களானால் கையுறையிலும் பெல்ட்டிலும் தொடங்கலாம்.

சங்கத்தைக் கான்ட்ராக்டர் பெயரில் வைக்காதீர்கள். டெண்டர் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். நிலையத்தின் பெயரில் வையுங்கள். பதிவுக்குத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது போதும். ஏழுக்குக் குறையக் கூடாது. பத்து சதவீதம் எந்தத் தொகையில் என்று கான்ட்ராக்டர் வாதாடுவார். நூறு பேர் சேரும்வரை பொறுத்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை. பதிவு மாநிலத் தொழிலாளர் துறையில். தகராறு என்று வந்தால், அணுமின் கழகம் போன்ற மத்திய நிறுவனத்துக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையர்; மின்வாரியத்துக்கு மாநில அதிகாரிகள். மனுவை இடம் மாற்றிக் கொடுத்து மாதங்களை இழந்தவர்கள் நிறைய.

சந்தாவைக் கையில் வாங்கி ரசீது கொடுங்கள். மாதாமாதம் முகம் பார்க்கிற அந்தப் பேச்சுதான் ஆளை நிறுத்தும். உறுப்பினர் நோட்டில் ஒவ்வொருவரின் பிஎஃப் யுஏஎன் எண்ணையும் எழுதுங்கள். கான்ட்ராக்டர் எத்தனை பேர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஒரே இடத்தில் இத்தனை வருடம் உழைத்தோம் என்று நாளை நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.