சர்வீசுக்குப் பின் பைக்கில் புதுச் சத்தமா? கம்ப்யூட்டரில் அளந்து பாருங்கள்!

பைக்கை சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்ததும், அதுவரை இல்லாத ஒரு சத்தம் கேட்கிறதா? "எங்கேயோ டக் டக்குன்னு கேக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் எங்கிருந்து தேடுவார்? அந்தச் சத்தத்தை அளந்து காட்ட உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஓர் இலவச சாப்ட்வேரும் போதும்.

பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பைக்கிலேயே போய் வருகிறவன் நான். சீசன் சாரலில் நனைந்த ரோட்டில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டும்போது புதுச் சத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

முதலில் மூன்று சோதனைகள்

1. பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நிற்கும்போதே சத்தம் வந்தால் அது எஞ்சின் பக்கம்.

2. அப்படியே கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகப்படலாம்.

3. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் சக்கரம், பிரேக், செயின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்வது எப்படி?

செல்போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் 20 வினாடி பதிவு செய்தால் போதும். இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நமக்கு வேண்டிய சத்தத்தையே அது அழித்துவிடலாம். ஓடும் வண்டியில் பதிவு செய்வதென்றால் பின்னால் உட்காருபவர்தான் போனைப் பிடிக்க வேண்டும். ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது. பதிவானதை யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, தனி போல்டரில் வையுங்கள். பைலின் பெயரில் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆடாசிட்டி என்ற சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து நிறுவுங்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான இது இன்றும் இலவசம்தான். பைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து உங்கள் பதிவைத் திறங்கள். போன் எம்4ஏ வகையில் பதிவு செய்திருந்தால், விண்டோஸில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை சாப்ட்வேர் தேவைப்படலாம். ரெக்கார்டரிலேயே வேவ் வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

திரையில் நீல அலைகள் தெரியும். கண்ட்ரோல் விசையுடன் 1 தட்டினால் பெரிதாகும். 3 தட்டினால் சிறிதாகும். ஒவ்வொரு 'டக்'கும் ஊசி போல உயர்ந்து நிற்கும். முதல் ஊசியிலிருந்து பதினோராவது ஊசி வரை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள். அதில் பத்து இடைவெளிகள் இருக்கும். தேர்வு செய்த பகுதி எத்தனை வினாடி நீளம் என்று சாப்ட்வேரே காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் சொல்லும் கதை

ஒரு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் ஒரு முறைதான் திறந்து மூடும். சைலன்சரிலும் ஒரு முறைதான் புகை வெளியேறும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஐடிலிங் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பத்து இடைவெளிக்கு 0.86 வினாடி ஆனால் சத்தம் வால்வின் வேகத்தில் வருகிறது. அப்படியானால் டேப்பெட்டைச் சரிபார்க்க வேண்டும். 0.43 வினாடி ஆனால் அது கிராங்க்கின் வேகம்.

பைக்கில் ஆர்பிஎம் மீட்டர் இல்லையா? சைலன்சர் அருகில் ஒரு பதிவு செய்து அதன் துடிப்பையும் இப்படியே அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வால்வு பக்கம். ஒரு துடிப்புக்கு இரண்டு 'டக்' சம இடைவெளியில் விழுந்தால் கிராங்க் பக்கம். இரண்டு வால்வின் டேப்பெட்டும் தளர்ந்திருந்தாலும் இரண்டு 'டக்' விழும். ஆனால் இடைவெளி சமமாக இருக்காது. சைலன்சர் குழாய் எஞ்சினில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் வால்வின் வேகத்திலேயே சத்தம் வரும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது 'டப் டப்' என்று அது வலுக்கும். அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும். டேப்பெட்டை எஞ்சின் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும்.

சக்கரத்தின் கணக்கு வேறு. 100 சிசி பைக்கின் 18 அங்குலச் சக்கரம் டயருடன் சேர்த்து ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். பத்துச் சுற்றுக்கு 3.8 வினாடி ஆகும்.

என் பைக்கில் பின் பிரேக் ஷூ மாற்றிய பிறகு 'ஸ்ரக்' என்று ஓர் உரசல் வந்தது. அதே 18 கிலோமீட்டர் வேகத்தில் அளந்தேன். பத்து இடைவெளிக்கு 3.7 வினாடி! சக்கரத்தின் சுற்றோடு பொருந்தியதால் மேற்கொண்டு ஓட்டாமல் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தேன். பின் சக்கரத்தின் ஆக்சில் நட் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சக்கரமும் நேராக இல்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துச் சரிசெய்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

எனவே, சக்கர வேகத்தில் சத்தம் வந்தால் கம்ப்யூட்டரில் மேலும் ஆராய்ந்துகொண்டிருக்காமல் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஆக்சில் நட், பிரேக், செயின் மூன்றையும் பார்த்த பிறகே எடுங்கள்.

அடுத்த முறை சர்வீசுக்கு விடும் முன்பே ஒரு பதிவு செய்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ள சத்தம் கையில் இருந்தால், எது புதுச் சத்தம் என்று மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டலாம்.