சுட்டி யார் கையில்?

மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் நோர்வூட்டில் ஒன்றுகூடி, காணிப் பட்டியல் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். கணனியின் சுட்டி ஒருவர் கையில் மட்டும் இருந்தால், பெயரைச் சேர்ப்பவரும் அவரே, நீக்குபவரும் அவரே. மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள்.

இந்தியக் கிராமப் பாடசாலைகளிலும் இதுவே நடந்தது. ஒரு கணனியைச் சூழ்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவரே சுட்டியைப் பிடித்திருந்தார். 2006ஆம் ஆண்டளவில் பெங்களூர் மைக்ரோசொஃப்ட் ஆய்வு நிலையத்தினர் ஒரே கணனியில் பல சுட்டிகளை இணைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி அம்புக்குறி. ஒதுங்கி நின்ற பிள்ளைகளும் பங்கெடுத்தார்கள்.

பல கணனிகள் உள்ள கூட்டத்திற்கு வேறு மென்பொருள்கள் உண்டு. 'இன்புட் லீப்' இலவசமானது. மைக்ரோசொஃப்ட் 2011இல் வெளியிட்ட 'மவுஸ் வித்தவுட் போர்டர்ஸ்' நான்கு கணனிகள் வரை இணைக்கும். கணனிகள் ஒரே வலையமைப்பில் இருந்தால், அம்புக்குறி ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த திரைக்குச் செல்லும். நிறுவிய பின் இணையத் தொடர்பு தேவையில்லை.

ஆனால் இவை எல்லாத் திரைகளையும் ஒருவர் கைக்கே கொடுத்துவிடவும் கூடும். ஆகவே நாம் மூன்று காரியங்களைக் கடைப்பிடிப்போம்:

1. சுட்டியை முறைவைத்துக் கைமாற்றுவோம். பெண்களுக்கும் முறை உண்டு.
2. பதிந்ததை உரத்து வாசித்து, உரியவரின் சம்மதம் பெறுவோம்.
3. முடிவில் இணைப்பைத் துண்டித்து, பட்டியலை அச்சிட்டு ஒட்டுவோம்.

கலந்துரையாட: நமது கடைசிக் கூட்டத்தில் சுட்டியைத் தொடாதவர்கள் யார்? ஏன்?